நான்கு வினாடிச் சுழி

நான் பயந்த சுபாவம். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வெல்டிங் தொழிலில் முப்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். திருவெறும்பூர்ப் பட்டறைகளில் கொதிகலன், அப்புறம் எரிவாயு டாங்க், கடைசி ஆறு வருஷமாக நீலவேலி கம்பெனியில் டைட்டானியம் கோளம். இத்தனை வருஷத்தில் நான் பற்றவைத்த சாமானை நம்பி ஒருநாள்கூட நான் நிம்மதியாக இருந்ததில்லை. கொதிகலன் பக்கத்தில் நின்று டீ குடிக்கமாட்டேன், கையில் வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவேன். தணிகாசலம் டீ குடிக்க சென்னைக்கே போய்விடுவான் என்று பட்டறையில் கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த மகள், கடலுக்கடியில் ஐந்து கிலோமீட்டர் இறங்குகிற வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கமலி என்று பெயர். குமரி-1 என்ற கோளத்தின் பைலட். இரண்டு மீட்டர் அகலத்தில், எட்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு உருண்டை. உள்ளே மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். கடல்தரையில் கிடக்கும் கோபால்ட் கட்டிகளைக் கண்டுபிடிப்பது கம்பெனியின் தொழில். கோளத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பற்றவைத்தது நான். அவள் இறங்குகிற ஒவ்வொரு முறையும் கப்பலில் நானும் இருப்பேன், கொக்கிகளைச் சரிபார்க்கிறேன் என்ற சாக்கில். உண்மையில் வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிடக் கப்பலில் உட்கார்ந்து பயப்படுவது எனக்குக் கொஞ்சம் சுலபம்.

அன்று அவளுக்கு நாற்பத்திரண்டாவது இறக்கம். விடிகாலை நாலு மணிக்கு இரண்டு விஞ்ஞானிகளோடு இறங்கினாள். ஏழு மணிக்கு ஐயாயிரத்து இருநூறு மீட்டரில் தரையைத் தொட்டுவிட்டதாகச் சேதி வந்தது. எட்டரைக்கு இட்லித் தட்டோடு ரெஹானாவின் அறைக்குள் நுழைந்தேன். மேல்தளத்தில் ஒரு பழைய கண்டெய்னர்தான் அவள் அறை. உள்ளே குளிரும் கம்ப்யூட்டர்களும். ரெஹானாவுக்கு இருபத்தொன்பது வயசு. அவள் வளர்க்கும் மெஷினுக்கு இரட்டை என்று பெயர். நிஜக் கோளம் என்னென்ன பாடு படுகிறதோ அதையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு கோளமும் படும். ஆனால் நிஜத்துக்கு முன்னாலேயே முழுப் பயணத்தையும் பட்டு முடித்துவிடும். கணக்குக் கோளம் உயிரோடு மேலே வந்தால்தான் நிஜக் கோளம் கீழே போகலாம் என்பது சட்டம். நாற்பத்தொரு தடவையும் திரை பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் நான் தினமும் அங்கே போவேன்.

"அண்ணே, கதவைச் சாத்துங்க," என்றாள். முகம் சரியில்லை.

சாத்தினேன். ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒலிபெருக்கியில் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. நகத்தை மேசையில் சுண்டினால் வருமே, அவ்வளவுதான்.

"என்னம்மா இது?"

"கோளத்துக்குள்ள எட்டு மைக் ஒட்டியிருக்கோம்ல. ஏழேமுக்கால்ல இருந்து பதினோரு தடவை இந்தச் சத்தம். உலோகம் எங்கேயோ விரிசல் விடுது."

"மெஷின் என்ன சொல்லுது?"

"பச்சைன்னுதான் சொல்லுது. அதான் பயமா இருக்கு."

மெஷினுக்குத் தெரியாமல் எப்படி விரிசல் வரும் என்று கேட்டேன்.

"மெஷின் எல்லா அணுவையும் கணக்குப் போடறதில்லண்ணே. போடவும் முடியாது. சர்வே எடுக்கறவங்க நூறு வீட்ல கேட்டுட்டு ஊர் முழுக்க இப்படித்தான்னு எழுதிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. எங்கே சந்தேகமோ அங்கே மட்டும் அணு அணுவா இறங்கிப் பார்க்கும். வெல்டு ஓரம், கதவு ஓரம், கண்ணாடி ஓரம். அங்கே கிடைக்கிறதைக் கொஞ்சம் பெரிய அளவுக்குச் சொல்லும், அது இன்னும் பெரிய அளவுக்குச் சொல்லும், கடைசில மொத்தக் கோளத்துக்கும் விடை வரும். மத்த இடமெல்லாம் நல்ல டைட்டானியம்னு நம்பிக்கும்."

"கேட்காத வீட்ல தீப்பிடிச்சிருந்தா?"

"தெரியாது." திரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "சத்தம் பைலட் சீட்டுக்குப் பின்னால, இடது பக்கம் மேல இருந்து வருது. ரெண்டடி அகலம். அங்கே வெல்டே கிடையாது, எதுவுமே கிடையாது. அந்த ரெண்டடியையும் அணு அணுவாப் பார்க்கணும்னா நாலு மாசம் ஆகும். சரியா ஒரு இடத்தைச் சொன்னா இருபது நிமிஷம்."

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். அங்கே என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

நான் வேலை பழகிய பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. காகிதத்தில் எழுதத் தொடங்குகிறவர்கள் தலையில் பிள்ளையார் சுழி போடுவார்கள். நாங்கள் வெல்டிங் டார்ச்சால் போடுவோம். முதல் வெல்டு ஆரம்பிக்குமுன் இரும்பின் ஒரு மூலையில் நெருப்பால் சின்னதாக ஒரு சுழி, அரிசியளவில். இரும்புக்கு அது கொசுக்கடி. ஆனால் டைட்டானியம் அப்படியில்லை. சூடானால் காற்றைக் குடிக்கும். குடித்த இடம் கண்ணாடி மாதிரி கெட்டியாகி, வளையத் தெரியாமல் உடையும். அதனால்தான் ஆர்கான் வாயுவால் போர்த்திப் போர்த்தி வெல்டு செய்வோம். தேவையில்லாத இடத்தில் டார்ச்சைக் கொண்டுபோவது பெரிய குற்றம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள், நானும் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இருந்தும் போட்டேன். என் மகள் உட்காரப்போகிற இடமாயிற்றே. சாமி துணை இல்லாமல் அவளை எப்படி அந்த ஆழத்துக்கு அனுப்புவது? அவள் தோளுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரே ஒரு சுழி. அப்புறம் அதைச் சாணை பிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளியாய் மின்ன வைத்துவிட்டேன். நிறம் மாறாமல் மின்னினால் நல்லது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ரெஹானாவிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரைபடத்தை என் பக்கம் திருப்பி, "எங்கேன்னு விரலை வைங்க," என்றாள். வைத்தேன். அங்கே மெஷினை இறக்கினாள்.

இருபது நிமிஷம் கழித்துத் திரையில் முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்குள் போனால் கரடுமுரடான கற்களை அடுக்கினாற்போல உலோகத்தின் மணிகள். மணிக்குள் போனால் வரிசை வரிசையாக அணுக்கள். வரிசைகளுக்கு நடுவில், வந்திருக்கக் கூடாத இடங்களில் ஆக்ஸிஜன் புகுந்து உட்கார்ந்திருந்தது. மற்ற இடத்தில் அழுத்தினால் வரிசைகள் வழுக்கி நகர்ந்தன. அங்கே மட்டும் நகரவில்லை, பிளந்தன.

"இப்ப உடைஞ்சிருமா?"

"இப்ப இல்லண்ணே. கீழே இருக்கிற வரைக்கும் கடல் எல்லாப் பக்கமும் அமுக்கிப் பிடிச்சிருக்கு, விரிசல் மூடியே கிடக்கும். மேலே வரும்போதுதான் ஆபத்து. சுழியைச் சுத்தி இருக்கிற உலோகம் நாற்பத்திரண்டு தடவை நசுங்கியிருக்கு. பிடி தளரத் தளர அது விரிசலை ரெண்டு பக்கமும் இழுக்கும்." திரையைத் திருப்பிக்காட்டினாள். பச்சை போய்விட்டிருந்தது. "மேலே வர்ற வழியில ஆயிரத்து நூறு மீட்டர்ல முழுசாத் திறந்துக்கும்."

அங்கே திறந்தால் கோளம் அப்படியே நசுங்கிவிடும்.

பயணத் தலைவர் வின்சென்ட் சார் வந்தார். அவரிடம் ரெஹானா சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் அப்போது நேரமில்லை. அவசரம் எதுவென்றால், கோளம் மேலே வரும் முறைதான். அடியில் கட்டிய எடைகளை உதறினால் நேராக மேலே மிதந்துவிடும், நடுவில் நிற்காது. மெல்ல, அங்கங்கே நிறுத்தி நிறுத்தி ஐம்பது மணி நேரத்தில் ஏற்றினால், உலோகம் தானாகக் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், விரிசல் திறக்காது என்று மெஷின் சொன்னது. அப்படி ஏற்ற வேண்டுமானால் கப்பலின் இழுவை எந்திரமான விஞ்சின் கயிற்றைக் கீழே கொண்டுபோய்க் கோளத்தில் மாட்ட வேண்டும். அதைச் செய்யும் ரோபோ நாலு நாள் தூரத்தில் வேறொரு கப்பலில் இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்குப் பிராணவாயு மூன்று நாளுக்குக்கூட வராது.

"குமரி-2 இருக்கே," என்றார் வின்சென்ட்.

பின்தளத்தில் அந்த இரண்டாவது கோளம் புதுசாகப் பளபளவென்று நின்றது. ஐந்நூறு மீட்டர் சோதனை மட்டும் முடிந்திருந்தது. ரெஹானா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்தச் சுழி குமரி-1ல மட்டும்தானா?"

குமரி-2லும் போட்டிருந்தேன், அதே இடத்தில். முதல் கோளம் முப்பது தடவை நல்லபடியாகப் போய்வந்ததே, அந்த ராசியை ஏன் விடவேண்டும் என்றுதான். உண்மையைச் சொன்னால் குமரி-2 இறங்காது. அது இறங்காவிட்டால் கமலிக்குக் கயிறு இல்லை.

"அதுல மட்டும்தாம்மா," என்றேன்.

ரெஹானா தலையை ஆட்டினாள். வின்சென்ட் வெளியே ஓடினார்.

பதினொரு மணிக்கெல்லாம் எட்வின் தயாராகிவிட்டான். தூத்துக்குடிப் பையன், குமரி-2இன் பைலட். கமலியோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவன். கப்பலில் என் சார்ஜரைக் கேட்காமல் எடுத்துப்போகும் ஒரே ஆள். கூட சுகுமார் என்று ஒரு டெக்னீஷியன். ஏணியில் கால் வைத்துக்கொண்டு எட்வின் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பயப்படாதிய அண்ணாச்சி. நான் போயி கமலிய கொக்கில மாட்டிக் கொண்டாந்துருதேன். சாயங்காலமா உங்க சார்ஜரையும் தந்துருதேன்."

அவன் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று தோன்றியது. பிடித்தேன். குலுக்கிவிட்டு விட்டேன். கதவு மூடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

திரும்பி ரெஹானாவின் அறைக்கு வந்தேன். இரண்டு திரைகள். ஒன்றில் கமலியின் கோளம், சிவப்பு. மற்றதில் எட்வினின் கோளம், பச்சை. கணக்கில் அது ஏற்கெனவே கீழே போய், கயிற்றை மாட்டி, சமர்த்தாக மேலே வந்துவிட்டிருந்தது. நாற்பத்தொரு தடவை எனக்குத் தைரியம் கொடுத்த அதே பச்சை. நான் சொல்லாத காரணத்தால்தான் அது பச்சை என்பது எனக்குத் தெரியும். மெஷினுக்குப் பயம் என்று ஒன்று வர வேண்டுமானால் அது என் வாயிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஐந்நூறு மீட்டர். எண்ணூறு. ஆயிரம். கோளத்தோடு பேசக் கடல் வழியாக ஒலியாகப் போய்வரும் ஒரு போன் உண்டு, அது திறந்தே இருந்தது. எட்வின் என்னமோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். உடம்பெல்லாம் எனக்கு வியர்வை, அந்தக் குளிரிலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. 'ஒரு தடவைதானே, புதுக் கோளம்தானே, தாங்கிவிடும்' என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சுகுமாருக்கு அப்பா இருப்பாரா என்று யோசித்தேன். யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஆயிரத்து நானூறில் பாட்டு நின்றது.

"கப்பல், டிக்குன்னு என்னமோ கேட்டுச்சே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

எனக்கு உயிர் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் அவனே சிரித்தான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சுகுமாரு தண்ணி பாட்டில் மூடிய திறந்திருக்கான்."

"நிறுத்தச் சொல்லும்மா," என்றேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். "அதுலயும் இருக்கு. ரெண்டாவதுலயும் போட்டேன். அதே இடம். நிறுத்தச் சொல்லு!"

ரெஹானா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மைக்கை எடுத்து வின்சென்டிடம் நாலே வார்த்தை பேசினாள். அவர் எட்வினைக் கூப்பிட்டு, விஞ்ச் மக்கர் பண்ணுகிறது, எடையை உதறிவிட்டு உடனே மேலே வா என்றார். ஆயிரத்து நானூறோடு திரும்பினால் அந்தக் கோளத்துக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்று மெஷினும் சொன்னது. அப்புறம் அவர் அந்த அறைக்கு வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"நீ மனுஷனாய்யா? ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிட்டு நின்னியே!"

அவர் கையை விட்டதும், கமலியிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு போனை வாங்கிக்கொண்டேன். ஐந்து கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டி நம் குரல் போக மூன்றரை வினாடி, பதில் வர மூன்றரை. ஒன்றும் விடாமல் சொன்னேன். சுழி, சாணை, குமரி-2, பொய், எல்லாம். ஏழு வினாடி ஆயிற்று. பதினான்கு ஆயிற்று. பின்னால் ஒரு விஞ்ஞானி அழுகிற சத்தம் கேட்டது.

"எந்த இடம்?" என்றாள்.

"உன் இடது தோளுக்குப் பின்னால. ஒரு சாண் மேல. தடவினா லேசா பள்ளம் தட்டும்."

ஏழு வினாடி.

"இருக்கு." மூச்சு விட்டாள். "அப்பா, கருவிப் பெட்டியில அரம் இருக்கு. நானே அதைச் சுரண்டி எடுத்துட்டா?"

வின்சென்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். வெளியே ஐந்நூறு மடங்கு அழுத்தத்தில் கடல் நிற்கும்போது உள்ளேயிருந்து சுவரைச் சுரண்டுவதா? ரெஹானா மட்டும் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"முடியும் சார். கெட்ட தோல் முழுசாப் போய், பள்ளம் வழுவழுன்னு இருந்தா இழுக்கிற பலம் பாதியாக் குறையும். ஆனா தோல் எவ்வளவு ஆழம்னு தெரியணும். குறைச்சலா எடுத்தா விரிசல் அங்கேயே நிக்கும். கூடுதலா எடுத்தா புதுசா ஒண்ணு வரும்." என்னிடம் திரும்பினாள். "அண்ணே, டார்ச்சை எத்தனை வினாடி பிடிச்சீங்க?"

"மூணு இருக்கும்மா. நாலோ..."

"மூணுன்னா அரை மில்லிமீட்டர். நாலுன்னா முக்காலுக்குக் கொஞ்சம் குறைச்சல். எது?"

யார் அப்போது எண்ணிக்கொண்டிருந்தார்கள்? அவள் ஒரு பேனாவை என் கையில் திணித்தாள். "அதுதான் டார்ச். இந்த மேசைதான் கோளம். போடுங்க." போனில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். கை நடுங்கியது. "அன்னிக்கு நடுங்குச்சா?" என்றாள். இல்லை. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். மறுபடி போட்டேன். மறுபடி. முப்பது வருஷமாகக் கைக்குப் பழகின வேலை, மனசு எப்படிக் கிடந்தாலும் கை தன் வேகத்தைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு தடவை போடச்சொன்னாள். கடைசி ஏழும் நாலு வினாடிக்கு முன்னே பின்னே ஒரு இமைகூட விலகவில்லை.

"எழுபது பாகம்," என்றாள். "மில்லிமீட்டரை நூறாப் பிரிச்சு அதுல எழுபது. கமலி, கேக்குதா? வெர்னியர் அளவுகோலை வச்சு அளந்துக்கிட்டே போ. தண்ணி தொட்டுத் தொட்டு அரம் போடு, தூள் காத்துல பறந்தா தீப்பிடிக்கும்."

ஒரு மணிக்கு ஆரம்பித்தாள். மூன்று மணி நேரம். போனைத் திறந்தே வைத்திருந்தாள். கர்ர், கர்ர் என்று அரத்தின் சத்தம், நடுவில் அவள் மூச்சு, எண்கள். இருபது. முப்பத்தைந்து. ஒரு தடவை 'டிக்' என்று கேட்டதும் அரம் நின்றது. ஏழு வினாடியும் ஏழு வருஷமாகப் போயின. மறுபடி கர்ர் என்று தொடங்கியது. என் பெண்ணைக் காப்பாற்றுகிற சத்தம் அது என்று புத்திக்குத் தெரிந்தாலும், அவள் உட்கார்ந்திருக்கிற கிளையை அவளே அறுப்பது மாதிரிதான் காதுக்குக் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளவும் பயம், பொத்தாமல் இருக்கவும் பயம்.

நாலு மணிக்கு எழுபது என்றாள். ரெஹானா பள்ளத்தின் வடிவத்தைக் கேட்டுக் கேட்டு மெஷினில் ஏற்றினாள். திரை பச்சையாகவில்லை. மஞ்சளில் நின்றது.

"மஞ்சள்னா?" என்றேன்.

"தெரியலைன்னு அர்த்தம்ணே."

கமலி எடையை உதறினாள்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத என்னால் ஆகாது. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எண்கள் குறைவதைப் பார்த்தேன். ஆயிரத்து நூறு வந்தபோது ரெஹானாவின் உதடுகள் அசைந்தன, அவளும் ஏதோ வேண்டிக்கொண்டாள். ஆயிரத்து நூறு போயிற்று. அறுநூற்று நாற்பதில் ஒரே ஒரு 'டிக்'. அப்புறம் எதுவுமில்லை. ஆறேகாலுக்கு, சூரியன் தண்ணீரைத் தொடும் நேரத்தில், ஆரஞ்சு நிறத் தொப்பி போட்ட உருண்டை கப்பலுக்கு நூறு மீட்டர் தள்ளித் துள்ளி எழுந்தது. கப்பல் முழுக்கக் கூச்சல். நான் வாந்தி எடுத்தேன்.

படகில் போய்க் கதவைத் திறந்தது எட்வின். கைப்பிடியருகே நின்று நானும் ரெஹானாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் விஞ்ஞானிகள் இருவரும் வந்தார்கள். அப்புறம் கமலி, தோள் வரைக்கும் சாம்பல் நிற ஈரத் தூளோடு. எட்வின் அவளைத் தூக்கிப் படகில் உட்காரவைத்துத் தன் துண்டைப் போர்த்தினான்.

"நல்லவேளைம்மா, சொல்லித் தொலைச்சேன்," என்றேன் ரெஹானாவிடம். "இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிட்டிருந்தா அந்தப் பசங்களையும்..."

"எனக்குத் தெரியும்ணே."

அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவதுலயும் இருக்கும்னு. நீங்க முதல் கோளத்தைச் சொன்னவுடனே, அதுலயும் அதே இடத்துல இருந்தா என்ன ஆகும்னு தனியா ஒரு கணக்கு ஓட்டிட்டேன். எட்வின் ஏணியில ஏறுறதுக்கு முன்னாடியே விடை வந்துருச்சு. சுழி எவ்வளவு ஆழம்னு தெரியாததால எல்லா அளவுக்கும் பார்த்தேன். ஆறு தடவைக்கு ஒரு தடவை உடையும்."

"நான்தான் இல்லைன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க. அப்ப உங்க முகத்தையும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்மா நிறுத்தல?"

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கீழே மூணு பேர், போகாட்டி நிச்சயம் சாவு. போறது ரெண்டு பேர், ஆறுல ஒண்ணு. கணக்கு நேரா இருந்துச்சு. எனக்கு வேண்டியதெல்லாம் யாராவது இல்லைன்னு சொல்றதுதான். நீங்க சொல்லிட்டீங்க."

அவள் குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. காலையிலிருந்து கடலுக்குப் பயந்தேன், உலோகத்துக்குப் பயந்தேன். இப்போது பக்கத்தில் நின்ற இந்தப் பெண்ணைப் பார்த்து உடம்பு கூசியது. அடுத்த நிமிஷமே, அவள் கணக்குப் போட்டாவது அனுப்பினாள், நான் கணக்குக்கூடப் போடாமல் அனுப்பினேன் என்ற நினைப்பு வந்தது.

படகு கப்பலை ஒட்டியது. கமலி ஏணியில் ஏறி வந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். என்னைக் கடந்து போய்த் தண்ணீர்ப் பீப்பாயருகே உட்கார்ந்து கைகளைக் கழுவ ஆரம்பித்தாள். போகட்டும். கழுவுகிறதற்கு அவளுக்குக் கை இருக்கிறது, எனக்கு அது போதும்.

அவளுக்குப் பின்னால் எட்வின் ஏறி வந்தான். மேலெல்லாம் நனைந்து, முகம் தொங்கிப் போயிருந்தது. விஞ்ச்சில் கோளாறு என்பதற்குமேல் அவனுக்கு யாரும் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி," என்றான். கண் கலங்கியிருந்தது. "உங்க மகளைக் கொண்டாரேன்னு சொல்லிட்டுப் பாதி வழியில திரும்பிட்டேன்."

ரெஹானா என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன்.

"பரவாயில்லப்பா," என்றேன்.